கப்பல்ல பேஸ் கிட்டார் வாசிக்கப் போறவங்களுக்கு, போயிட்டு வந்தவன் சொல்றது

பயணிகள் போற க்ரூஸ் கப்பல்ல ஏறின முதல் நாள் என் கையில குடுத்தது லைஃப் ஜாக்கெட். பேஸ் கிட்டார் கேபின் மூலைல கேஸுக்குள்ளயே கிடந்துச்சு. காலைல கேங்வே ஏறினதும் பாஸ்போர்ட்டையும் மெடிக்கல் பேப்பரையும் வாங்கிட்டாங்க, ஃபோட்டோ எடுத்து க்ரூ கார்டு குடுத்தாங்க, அதோட எமர்ஜென்சி நம்பர் போட்ட ஒரு சின்ன அட்டை, அடுத்த நிமிஷம் சேஃப்டி ட்ரெயினிங் ரூம்ல உக்காந்திருக்கேன். ஏழு சின்ன ஹாரன் ஒரு நீள ஹாரன் கேட்டா நான் எந்தப் படிக்கட்டுப் பக்கத்துல நிக்கணும், பயணிகளை எந்தப் பக்கம் திருப்பி விடணும், லைஃப் ஜாக்கெட் கட்டத் தெரியாத பெரியவங்களுக்கு எப்படி கட்டி விடணும், இதெல்லாம் சொல்லிக் குடுத்தாங்க. அன்னிக்கு சாயங்காலமே ஷோ இருந்துச்சு, ஆனா அதைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசல.

எனக்கு அப்ப கொஞ்சம் எரிச்சலா இருந்துச்சு, வாசிக்க வந்தவன் கிட்ட ஏன் இதெல்லாம்னு. ரெண்டாவது வாரம் சேஃப்டி டிரில் முடிஞ்சு நிக்கும்போது ஒரு பழைய டிரம்மர் ஓஷியானோஸ் கப்பல் கதைய சொன்னார். 1991 ஆகஸ்ட்ல தென்னாப்பிரிக்கா பக்கம் அந்தக் கப்பல் மூழ்கினப்போ பயணிகளை போட்லயும் ஹெலிகாப்டர்லயும் ஏத்தி விட்டதுல பெரிய பங்கு அந்தக் கப்பலோட பாட்டு டான்ஸ் கோஷ்டிக்கு. மாஸ் ஹில்ஸ்னு ஒரு கிட்டார் வாசிக்கறவர் கப்பலை ஓட்டற இடமான பிரிட்ஜுக்குப் போய் ரேடியோல உதவி கேட்டவர். கப்பல்ல இருந்த 571 பேரும் பொழச்சாங்க. அதைக் கேட்டதுல இருந்து வாராவாரம் நடக்கற டிரில்ல நான் ஒரு நாள் கூட அசட்டையா நின்னதில்ல. கப்பல்ல வாசிக்கறவன் முதல்ல கப்பல்காரன், வாத்தியம் அதுக்கு அப்புறம் தான். இத புரிஞ்சுக்கிட்டா மத்த கஷ்டம் பாதி தானா அடங்கிடும், புரியாதவங்க தான் ரெண்டே மாசத்துல மூட்டை கட்டிட்டுப் போறாங்க, நான் கண்ணால பாத்திருக்கேன்.

இப்ப வேலை எப்படி கிடைக்கும்னு பாப்போம். கப்பல்ல ஒரே மாதிரி மியூசிஷியன் வேலை கிடையாது. தியேட்டர் ஷோவுக்கு வாசிக்கறது ஷோ பேண்ட், இங்க ஸ்டாஃப் நோட்டேஷன், அதாவது கோடு போட்ட தாள்ல இருக்கற மேற்கத்திய இசைக் குறிப்பு, பாத்த உடனே வாசிக்கத் தெரியணும், அதுல சமரசமே இல்ல. லவுஞ்ச்லயும் டெக்லயும் வாசிக்கற பார்ட்டி பேண்டுக்கு நோட்டேஷன விட பாட்டு ஸ்டாக் தான் முக்கியம், ராத்திரிக்கு நாலு செட்டுன்னா ஒரே பாட்டு அந்த வாரத்துல அடிக்கடி திரும்பி வரக்கூடாது, பயணிகள் எதைக் கேட்டாலும் நாலுல ரெண்டு பாட்டாவது தெரிஞ்சிருக்கணும். இது போக தனியா பியானோ பார்ல உக்காந்து பாடிட்டே வாசிக்கறவங்க, ரெண்டு பேரா கிட்டார் வோக்கல்னு போறவங்க, ஸ்ட்ரிங் குவார்டெட். உங்க கைக்கு எது வரும்னு பாத்து அதுக்கு மட்டும் அப்ளை பண்ணுங்க. காதால கேட்டு அருமையா வாசிக்கற ஒரு கீபோர்ட் நண்பர் ஷோ பேண்டுக்குத் தான் போவேன்னு பிடிவாதமா போய், முதல் வாரமே மனசு உடைஞ்சு போயிட்டார். திறமைல அவர் என்னை விட பல மடங்கு மேல. பார்ட்டி பேண்டுக்குப் போயிருந்தா ராஜா மாதிரி இருந்திருப்பார்.

ஆடிஷன் எனக்கு வீடியோ கால்ல நடந்துச்சு. முதல்ல நம்ம வாசிச்ச வீடியோ அனுப்பணும், வெட்டி ஒட்டாத ஒரே டேக். அப்புறம் அவங்க சார்ட், அதாவது பாட்டோட இசைக் குறிப்புத் தாள், அனுப்பி கொஞ்ச நிமிஷம் டைம் குடுத்து, தாளம் காட்டற டிக் டிக் சத்தமான க்ளிக் போட்டு வாசிக்கச் சொல்லுவாங்க. ஒரு ஸ்விங், ஒரு லத்தீன், ஒரு பழைய பால்ரூம் வால்ட்ஸ், ஒரு ஃபங்க், இப்படி கலந்து வரும். தப்பா ஒரு நோட் விழுந்தா மன்னிப்பாங்க, நின்னுட்டா மன்னிக்க மாட்டாங்க. அதனால வீட்ல ப்ராக்டிஸ் பண்ணும்போதே தப்பு வந்தாலும் நிக்காம அடுத்த பாருக்கு, அதாவது அடுத்த தாளச் சுத்துக்கு, போய்ப் பழகுங்க, நம்மள்ல பல பேருக்கு தப்பு வந்தா திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கற பழக்கம் ஊறிப் போயிருக்கு, இங்க அது தான் எதிரி.

இன்னொண்ணு, இத தயவு செஞ்சு கவனமா படிங்க. கப்பல் வேலை வாங்கித் தரேன்னு பணம் கேக்கற ஏஜென்ட் கிட்ட போகாதீங்க. மாரிடைம் லேபர் கன்வென்ஷன் 2006னு ஒரு சர்வதேச ஒப்பந்தம் இருக்கு, 2013 ஆகஸ்ட்ல இருந்து அமல்ல இருக்கு. வேலைக்கு ஆள் சேக்கறதுக்கு கடல் தொழிலாளி கிட்ட எந்தக் கட்டணமும் வாங்கக்கூடாதுன்னு அதுல தெளிவா இருக்கு. மெடிக்கல் சர்டிஃபிகேட், சீமேன் புக்னு கடல் தொழிலாளிக்கான அடையாளப் புத்தகம், பாஸ்போர்ட், இந்த மூணோட செலவு நம்மளது. விசா செலவு கூட கப்பல் முதலாளி ஏத்துக்கணும். கப்பல்ல எந்த வேலை பாக்கறவங்களும் இந்த ஒப்பந்தத்துக்குள்ள தான் வருவாங்க, வாசிக்கறவங்க உட்பட. ரெண்டு நாளைக்கு வந்துட்டுப் போற கெஸ்ட் ஆர்ட்டிஸ்ட் கணக்கு வேற. எனக்குத் தெரிஞ்ச ஒரு டிரம்பெட் வாசிக்கற பையன் ப்ராசஸிங் ஃபீஸ்னு கடன் வாங்கிக் கட்டிட்டு ஒரு வருஷம் காத்திருந்தான், கடைசி வரைக்கும் ஜாயினிங் லெட்டர் வரவே இல்ல. இத நினைச்சா எனக்கு இன்னும் வயிறு எரியுது.

கான்ட்ராக்ட்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி முதலாளின்னு யார் பேர் இருக்குன்னு பாருங்க. டைட்டானிக்ல வாசிச்ச எட்டு பேர் கதை எல்லாருக்கும் தெரியும், வாலஸ் ஹார்ட்லியும் அவர் கூட இருந்த ஏழு பேரும் 1912ல கடல்லயே போயிட்டாங்க. பல பேருக்குத் தெரியாத பாதி இது: அவங்க கப்பல் கம்பெனி ஊழியர் கணக்குல இல்ல, ஒரு ஏஜென்சி மூலமா வந்தவங்க, இரண்டாம் வகுப்பு பயணிகள்னு பதிவு. அவங்கள்ல ஒரு வயலின்காரரோட அப்பாவுக்கு, மகன் போன கொஞ்ச நாள்லயே, யூனிஃபார்ம் பாக்கி இவ்வளவுன்னு அந்த ஏஜென்சி பில் அனுப்பியிருக்கு. அந்தக் காலம் போயிடுச்சு, இப்ப கையெழுத்தான ஒப்பந்தக் காப்பி ஒண்ணு நம்ம கையில இருக்கணும்னு விதியே இருக்கு. சம்பளம் எவ்வளவு, எத்தனை மாசம், உடம்பு சரியில்லன்னா யார் பாப்பாங்க, வீட்டுக்குத் திரும்பி வர டிக்கெட் யாரோடது, இந்த நாலும் அதுல இருக்கான்னு பாத்துட்டு கையெழுத்து போடுங்க. ஃபோட்டோ எடுத்து வீட்ல ஒருத்தருக்கு அனுப்பி வைங்க.

பேப்பர் வேலைக்கு டைம் எடுக்கும். கடல் மெடிக்கல், அது அதிகபட்சம் ரெண்டு வருஷம் செல்லும். பேசிக் சேஃப்டி ட்ரெயினிங் எங்க முடிக்கணும்னு கம்பெனி சொல்லும். அமெரிக்கத் துறைமுகம் தொடற கப்பல்னா கப்பல் ஊழியர்களுக்கான சி1/டி விசா. சில ரூட்டுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. ஆஃபர் வந்ததும் இதெல்லாம் ஒரே நாள்ல ஆரம்பிச்சுடுங்க.

இப்ப நான் வேலை கத்துக்கிட்ட சாயங்காலத்துக்கு வரேன். ஏறி மூணாவது நாள், ஒரு கெஸ்ட் சிங்கர் வராங்க. மதியம் மூணரைக்கு ரிகர்சல், ஏழரைக்கு ஒரு ஷோ, ஒம்பதரைக்கு இன்னொண்ணு. அவங்க பெட்டியத் திறந்து ஆளுக்கு ஒரு ஃபோல்டர் குடுத்தாங்க, பதினாலு சார்ட். பல வருஷம் பல கப்பல் சுத்தின பேப்பர், ஓரமெல்லாம் டேப் ஒட்டியிருக்கு, எனக்கு முன்னாடி வாசிச்ச எத்தனையோ பேரோட பென்சில் குறி. ஏழாவது சார்ட் ஒரு மெட்லி, அஞ்சு பாட்டு தைச்சது, மூணு கீ மாறுது, நடுவுல ஃபோர்ல இருந்து த்ரீக்கு தாளம் மாறுது, ஒரு இடத்துல குறிக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து கோடாவுக்கு, அதாவது முடிவுப் பகுதிக்கு, தாவணும். ரிகர்சல்ல ஒழுங்கா வந்துச்சு. ஷோல நான் வேற குறிக்குத் திரும்பிட்டேன்.

தியேட்டர் முழுக்க ஆள், மேல லைட்டு, நான் ஒரு பாட்டுல இருக்கேன் பேண்ட் இன்னொரு பாட்டுல இருக்கு. கை சில்லுன்னு ஆயிடுச்சு. அந்த நேரத்துல பேப்பர்ல தேடிட்டே இருந்தா தொலைஞ்சது தொலைஞ்சது தான். பேஸ் சத்தத்தைக் குறைச்சுட்டு டிரம்மரோட கிக் டிரம்மை மட்டும் கேட்டேன், பியானோக்காரர் இடது கை எந்த நோட்டுல இறங்குதுன்னு பாத்து அதை மட்டும் தொட்டேன், நாலு பார் அப்படியே ஓடுச்சு. எம்டி தலையத் திருப்பாம "எச்!"னு ஒரு எழுத்தைக் கத்தினார். எம்டினா மியூசிக் டைரக்டர், கப்பல்ல அது பேண்ட் லீடர், மெட்டு போடறவர் இல்ல. சார்ட்ல எச்னு பெட்டி கட்டின இடத்துக்குத் தாவினேன், சேந்துட்டேன். பயணிகளுக்குத் தெரிஞ்சிருக்காதுன்னு நினைக்கறேன், ஆனா சிங்கர் ஒரு தடவை திரும்பிப் பாத்தாங்க.

ரெண்டு ஷோவுக்கு நடுவுல எம்டி என் கிட்ட வந்து உக்காந்தார். திட்டல. "நீ நோட்டைப் படிச்ச, வழியப் படிக்கல"னார். சார்ட் கையில வந்ததும் முதல் ரெண்டு நிமிஷம் ஒரு நோட் கூட பாக்காதே, எங்க ரிப்பீட், எங்க திரும்பற குறி, எங்க கோடா, எங்க கீ மாறுது, எங்க தாளம் மாறுது, எப்படி முடியுது, இது மட்டும் விரலால தொட்டுத் தொட்டு பாத்துக்கோன்னு என் ஃபோல்டர்லயே செஞ்சு காட்டினார், திரும்பற குறிய சுத்தி ஒரு பெரிய வட்டம், தாவற இடத்துல ஒரு கண்ணாடி மாதிரி ரெண்டு வட்டம். அதுக்கப்புறம் ஏழு மாசம் எத்தனையோ கெஸ்ட் வந்தாங்க, ஜாலவித்தைக்காரர் வந்தார், பழைய பாட்டுக்காரங்க வந்தாங்க, ஒரு தடவை கூட நான் வழி தப்பல. பாத்த உடனே வாசிக்கற சைட் ரீடிங்னா வேகமா நோட் படிக்கறதுன்னு நாம நினைச்சுட்டு இருக்கோம், வழி தெரிஞ்சா நோட்டு பாதி தானா வரும், காது வேற கூட இருக்கு.

கெஸ்ட்டோட பேப்பர் அவங்க கூடவே போயிடும். ஆனா கப்பலோட சொந்த ஷோ, டான்ஸர்ஸ் வர்ற பெரிய ஷோ, அதோட பேஸ் கிட்டார் சார்ட் எல்லாம் சேத்த பேஸ் புக் கப்பல்லயே இருக்கும். அதை முதல் தடவை திறந்தப்போ ரெண்டாவது பாட்டுல ஒரு இடத்துல யாரோ பென்சில்ல "நிமிர்ந்து பார்"னு இங்கிலீஷ்ல எழுதியிருந்தாங்க, அடியில ரெண்டு கோடு. யார்னு தெரியாது, கையெழுத்து சாய்வா இருந்துச்சு. அந்த ஷோ முழுக்க காதுல க்ளிக் ஓடும், ஆனா அந்த இடத்துல மட்டும் க்ளிக் நின்னுடும், எம்டி கை காட்டற வரைக்கும் ரெண்டு பாரை திரும்பத் திரும்ப வாசிக்கணும். எப்பவும் நாலு தடவை. மாசக்கணக்கா நாலே நாலு தடவை தான். நிமிர்ந்து பாக்கவே தேவைப்படல, ஆனாலும் பாத்துட்டுத் தான் இருந்தேன்.

அட்லான்டிக் தாண்டும்போது ஒரு ராத்திரி கடல் ரொம்ப மோசம். பல கப்பல்ல தியேட்டர் முன் பக்கம் தான் இருக்கும், கப்பல் மூக்கு ஏறி இறங்கறது அங்க தான் அதிகமா தெரியும். டான்ஸர்ஸ் ஒருத்தரை ஒருத்தர் தூக்கற மூவ் எல்லாத்தையும் எடுத்துட்டாங்க, டிரம்மர் ஹை-ஹேட் ஸ்டாண்டைக் கயிறு போட்டுக் கட்டினார், நான் நின்னு வாசிக்கறதை விட்டுட்டு ஸ்டூல்ல உக்காந்து ரெண்டு காலையும் அகட்டி ஊனிக்கிட்டேன். கப்பல் இறங்கும்போது உடம்பு லேசாகி டெம்போவும் கூடவே தள்ளிட்டுப் போற மாதிரி இருக்கும், ஏறும்போது இழுக்கும், க்ளிக் மட்டும் அசையாம அடிச்சுட்டு இருக்கும். உடம்பு சொல்றதைக் கேக்காம க்ளிக்கைக் கேக்கணும். அப்புறம் அந்த ரெண்டு பார் இடம் வந்துச்சு, க்ளிக் நின்னுச்சு. நிமிர்ந்து பாத்தேன். சிங்கர் மேடை ஓரத்துல கம்பியப் பிடிச்சுட்டு நிக்கறாங்க, அடுத்த அலை போகட்டும்னு. எம்டி கை கீழயே இருக்கு. நாலு போச்சு, அஞ்சு, ஆறு, ஏழு. எட்டாவது தடவை அவங்க நடுவுக்கு வந்தாங்க, கை மேல போச்சு, எல்லாரும் ஒண்ணா இறங்கினோம். பழக்க தோஷத்துல நாலோட நான் அடுத்த பாட்டுக்குப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாத்தா இப்பவும் திக்குனு இருக்கு.

கடல் சீக் வரும், வெக்கப்பட ஒண்ணும் இல்ல. வெறும் வயித்துல இருக்காதீங்க, இஞ்சியும் பச்சை ஆப்பிளும் க்ரூ எல்லாரும் சாப்பிடுவாங்க, முடிஞ்சா கப்பலோட நடுப் பகுதில கீழ் தளத்துல போய் இருங்க. மாத்திரை சிலது தூக்கம் வர வைக்கும், ஷோக்கு முன்னாடி புதுசா ஒண்ணை போட்டுப் பாக்காதீங்க, மெடிக்கல் சென்டர்ல கேட்டுக்குங்க.

வாத்தியத்துக்கும் கடல் ஒத்துக்காது. உள்ள ஏசி மரத்தை உலர்த்தும், டெக்ல போய் வாசிச்சா உப்புக் காத்தும் ஈரமும், ஒரே நாள்ல ரெண்டும் மாறி மாறி. என் பேஸ் கழுத்து ஒரு மாசத்துக்குள்ள வளைஞ்சு கம்பி எல்லாம் ஃப்ரெட்ல உரச ஆரம்பிச்சுது. கழுத்துக்குள்ள இருந்து வளைவைச் சரி பண்ற ட்ரஸ் ராட் திருப்பத் தெரியாம கப்பல் ஏறாதீங்க, அங்க ரிப்பேர் பண்ற ஆள் கிடையாது. கம்பி செட் மொத்த கான்ட்ராக்ட்டுக்கும் சேத்து எடுத்துட்டுப் போங்க, கேபிள் ரெண்டு, உங்க காதுக்குப் பொருந்தின இன்-இயர் ஹெட்ஃபோன், டெக் செட்டுக்கு இயர் ப்ளக். ஒவ்வொரு செட் முடிஞ்சும் துணியால கம்பிய துடைச்சா ஆயுள் நல்லாவே கூடும். விலை ஒசந்த பழைய வாத்தியத்தை வீட்லயே விட்டுடுங்க. அப்புறம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், எங்க கப்பல்ல ஷிப் எலக்ட்ரீஷியன் பாத்து ஓகே சொல்லாம எந்த ப்ளக்கும் கேபின்ல போட முடியாது, பெடல் பவர் சப்ளைய முதல் வாரமே கொண்டு போய் காட்டிட்டேன். கடல் நடுவுல தீ பிடிச்சா ஓடறதுக்கு இடம் இல்ல, அதனால அவங்க கறாரா இருக்கறது நியாயம் தான்.

கேபின் ரெண்டு பேருக்கு, மேல ஒரு பங்க் கீழ ஒரு பங்க், ஜன்னல் இல்ல. லைட்டை அணைச்சா பகலா ராத்திரியான்னு தெரியாது. என் ரூம்மேட் சாக்ஸ் வாசிக்கறவர், அவர் காலைல ஆறு மணிக்கு எழுந்து ஜிம் போவார், நான் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்கற ஆள். முதல் வாரமே ரெண்டு பேரும் உக்காந்து பேசிக்கிட்டோம்: காலைல லைட் போடறதில்ல, ராத்திரி ஃபோன் பேசறது வெளிய காரிடார்ல, ஒருத்தர் தூங்கும்போது கேபின்ல ப்ராக்டிஸ் கிடையாது. மனஸ்தாபம் வந்த பிறகு பேசினா அது சண்டையா தான் போகும், முன்னாடியே பேசிடுங்க. ப்ராக்டிஸுக்கு நான் தியேட்டர் பின்னாடி காலியா இருக்கற நேரம் பாத்து, ஹெட்ஃபோன்ல.

வேலை நேரம் பாக்க கம்மி மாதிரி தெரியும், முக்கால் மணி செட் நாலு, இல்லன்னா ரெண்டு ஷோ. அதோட ரிகர்சல், டிரில், ட்ரெயினிங், சில துறைமுகத்துல கப்பல்ல கட்டாயம் இருக்க வேண்டிய முறை, எல்லாம் சேரும். ஓய்வு 24 மணில 10 மணியாவது, வாரத்துக்கு 77 மணின்னு முன்னாடி சொன்ன மாரிடைம் லேபர் கன்வென்ஷன்ல கணக்கு இருக்கு, அந்தப் பத்தை ரெண்டா பிரிக்கலாம், ஆனா ஒரு துண்டு ஆறு மணிக்குக் குறையக்கூடாது. உங்க நேரத்தை நீங்களே உண்மையா பதிவு பண்ணுங்க. பயணிகள் இருக்கற இடத்துல நடமாட நமக்கு அனுமதி கிடைக்கும், மத்த பல க்ரூவுக்கு அது கூட இல்ல, அதனால நேம் டேக் போட்டுட்டு மரியாதையா நடந்துக்கணும். கேபின் சுத்தம் பண்ற, பாத்திரம் கழுவற ஆட்கள் நம்மள விட எத்தனையோ மணி நேரம் அதிகமா உழைக்கறாங்க, மெஸ்ல அவங்க கூட உக்காந்து சாப்பிடுங்க. எனக்கு காய்ச்சல் வந்து கேபின்ல தனியா வச்சப்போ கதவு வரைக்கும் சாப்பாடு கொண்டு வந்து வச்சுட்டுப் போனது அவங்க தான்.

பணம் மிச்சம் ஆகும், வாடகை இல்ல, சாப்பாடு செலவு இல்ல. ஆனா கான்ட்ராக்ட் முடிஞ்ச நாளோட சம்பளம் நின்னுடும், பொதுவா அடுத்த கப்பல் வர்ற வரைக்கும் வீட்ல சும்மா தான். எனக்கு முதல் தடவை மூணு மாசம் இடைவெளி விழுந்துச்சு, அதுக்கு நான் எடுத்து வைக்கல. அடுத்த தடவைல இருந்து சம்பளம் வந்த அன்னிக்கே மூணுல ஒரு பங்கை இடைவெளிக்குன்னு தனியா ஒதுக்கிட்டேன்.

நடுக்கடல்ல இருக்கும்போது தான் அக்காவுக்கு குழந்தை பிறந்துச்சு. நெட் விட்டு விட்டு வந்த நாள், ரெண்டு நாள் கழிச்சு தான் ஃபோட்டோ முழுசா இறங்குச்சு, க்ரூ காரிடார்ல சுவத்துல சாஞ்சு உக்காந்து பாத்தேன், பக்கத்துல போனவங்க எல்லாம் நின்னு எட்டிப் பாத்துட்டு தோள்ல தட்டிட்டுப் போனாங்க. இந்த மாதிரி நாள் வரும். கிளம்பறதுக்கு முன்னாடி வீட்ல உக்காந்து, நான் வர முடியாத விஷயம் இதெல்லாம் நடக்கலாம்னு வாய் விட்டுப் பேசிட்டுப் போங்க.

இறங்கற நாள் காலைலயே கேபினைக் காலி பண்ணணும், அடுத்த பேஸ் ஆள் மதியம் தான் ஏறுவார், ரெண்டு பேரும் பாத்துக்கவே மாட்டோம். அதனால முந்தின ராத்திரி ஷோ முடிஞ்சதும் பேஸ் புக்கை எடுத்துக்கிட்டு மேடைலயே உக்காந்துட்டேன். எனக்கு மட்டும் புரியற என் கிறுக்கல் எல்லாத்தையும் ரப்பர் போட்டு அழிச்சேன், வழி காட்டற குறிகளை மட்டும் சுத்தமா திரும்ப எழுதினேன். ரெண்டாவது பாட்டுல அந்த சாய்வான கையெழுத்து கை பட்டுப் பட்டு மங்கியிருந்துச்சு. பென்சிலைச் சீவி, அதே எழுத்து மேலயே, அதே சாய்வுல, அழுத்தமா ஒரு தடவை எழுதினேன். அடியில இருந்த ரெண்டு கோட்டையும்.